கன்றுக்குக் கழி கட்டுதல் தகுமா?

மழைக்காலம் தொடங்கியவுடன் தோப்புகளிலும், வரப்புகளிலும், சாலை ஓரங்களிலும், ஏரிக் கரைகளிலும் மரக்கன்றுகளை நடும் நல்வழக்கம் கிராமங்கள்தோறும் பரவி வருகின்றது. நட்டவுடன், கன்றைவிட ஒரு முழம் நீண்ட கழியொன்றை அதன் பக்கத்தில் ஊன்றிச் சணற் கயிற்றினால் மூன்று நான்கு இடங்களில் இறுகக் கட்டிவிடுவதும் கூடவே நிகழ்கின்றது. கன்று காற்றில் அசையாமல் நேராக நிற்பதைக் காண்போர், நட்டவர் தம் கடமையைச் செவ்வனே செய்தார் என்று திருப்தியடைகின்றனர். இவ்வாறு கட்டிய கழி இரண்டு மூன்று வருஷங்கள் அவிழ்க்கப்படாமலே இருப்பதும், கயிறு பட்டையை அறுத்துக்கொண்டு உள்ளே பதிந்துவிடுவதும் அபூர்வமல்ல. இவ்வழக்கத்தைப் பெரும்பாலான கன்றுகள் விஷயத்தில் கைவிடுவதே நலம். கழி அவசியமான இடங்களிலும் அது குட்டையாகவும், கட்டு தளர்வாகவும், காலம் சுருங்கியதாகவும் இருத்தல் வேண்டும்.

இவ்வாறு சொல்லுவது கழியின் விலையையோ கூலியையோ மிச்சப்படுத்தும் பொருட்டன்று. அசைவே அடிமரத்தைப் பருக்கச் செய்கின்றது; அசைவைத் தடுத்தால் மரம் தன்னைத் தாங்கிக்கொள்ளும் பலத்தைத் தேடுவதில்லை. இது சாஸ்திரிகள் மட்டும் அறிந்த இரகசியமன்று. சவுக்குத் தோப்பின் நடுவில் நிற்கும் மரம் மெலிந்து உயர்ந்திருப்பதையும், காற்றடிக்கும் ஓரத்து மரம் சற்றுக் குட்டையாய் அடி பருத்து நிற்பதையும் எந்தக் குடியானவரும் கண்டிருப்பார். இவ்வேற்றுமைக்கு வெளிச்சத்தின் மிகுதி குறைவும் ஒரு காரணமே. ஆனால் அது ஒன்றே காரணமன்று என்பது 200 வருஷங்களுக்கு முன்னரே பரீக்ஷை செய்து காட்டப்பட்டது.

இங்கிலாந்தில் தாமஸ் ஆண்ட்ரூ நைட் என்னும் தோட்டக்கலை அறிஞர் இளம் ஆப்பிள் மரங்கள் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து, தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை கழியும் வைக்கோற் கட்டுங் கொண்டு அசையாதபடி செய்தார். சாறு ஓடுவதற்குத் தடை நேராதவாறு கட்டு மிருதுவாகவே இருந்தது. மேற்பாகம் வழக்கம்போல் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அடுத்த கோடையில், அசைந்த பாகத்தில் புதுமரம் மிகுதியாகத் திரண்டது. அசையாத அடிப்பாகமும் வேரும் சிறிதளவே பருத்தன. பின்னர் அம்மரங்களுள் ஒன்றை வடக்கு தெற்காக மட்டும் ஆடும்படியும், கிழக்கு மேற்காக ஆடாதபடியும் அமைத்தார். ஒரு பருவம் கழித்து அளந்தபொழுது, அடிமரத்தின் குறுக்களவு வடக்கு தெற்கில் 13 பங்கானால் கிழக்கு மேற்கில் 11 பங்காக இருந்தது. வெயிலும், நீரும், மண்ணும் ஒன்றாகவே இருக்க, அசைந்த திசையில் மட்டும் மரம் தடித்தது. இதனை நைட் 1803-ம் வருஷத்தில் வெளியிட்டார். 1954-ல் ஆஸ்திரேலியாவில் பைன் மரங்களைக் கம்பி கொண்டு இழுத்துக் கட்டிச் செய்த ஆராய்ச்சியிலும், அசைவு தடுக்கப்பட்ட மரங்களின் அடிப்பாகம் குறைவாகவே பருத்தது.

காற்று தன்னை வளைக்கின்றது என்பதை மரம் எவ்வாறு அறிகின்றது? அதற்கு நரம்பு இல்லை, தசையும் இல்லை. உள்ளதெல்லாம் உயிரணுக்கள் எனப்படும் எண்ணிறந்த நுண்ணிய அறைகளே. ஒவ்வோர் அறையையும் சுற்றி நார்ப்பொருளால் ஆன உறுதியான சுவர் உண்டு. சுவரை ஒட்டி உட்புறத்தில் மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. உள்ளே நீர் நிரம்பிச் சுவரை எந்நேரமும் வெளிநோக்கி அழுத்திக்கொண்டிருக்கும். பல பயிர்களின் உயிரணுக்களில் இவ்வழுத்தம் மோட்டார் வண்டிச் சக்கரத்தில் அடைத்த காற்றின் அழுத்தத்தைப்போல் இரண்டு மூன்று மடங்காகும். நீர் குறைந்தால் இலை துவள்வதும், பாய்ச்சினால் நிமிர்வதும் இதனாலேயே. ஆகவே பயிரின் உயிரணு, காற்றடைத்த சக்கரம்போல் எப்பொழுதும் விறைப்பிலே இருப்பது. வெளியிலிருந்து சிறிதளவு வளைத்தாலும் அவ்விறைப்பு மாறுபடும்.

தண்டு ஒரு பக்கம் வளையும்போது வெளிவளைவில் உள்ள உயிரணுக்கள் இழுபடுகின்றன. உள்வளைவில் உள்ளவை நெருக்குண்கின்றன. சவ்வில் மிக நுண்ணிய மதகுகள் அமைந்துள்ளன. சவ்வு இழுபட்டதும் அம்மதகுகளுட் சில திறந்துகொள்ள, சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியம் விநாடிக் கணக்கில் உட்புகுகின்றது. இதுவே உயிரணுவுக்கு முதற் செய்தி. 1991-ல் எடின்பரோவில் ஆராய்ச்சியாளர் சிலர், கால்சியம் பட்டால் ஒளிவிடும் புரதமொன்றை ஜெல்லி மீனிடமிருந்து புகையிலைச் செடிக்குள் மரபு வழியாகச் சேர்த்தனர். அச்செடியைத் தொட்டவுடன் அது மங்கிய ஒளியை உமிழ்ந்தது. கருவிகளால் அவ்வொளியை அளந்தனர். தொட்டாற்சிணுங்கி மட்டுமே தொடுதலை உணரும் என்ற எண்ணம் இதனால் அடியோடு தகர்ந்தது. தொட்டாற்சிணுங்கி இலைக்காம்பின் அடியில் உள்ள நீரை விரைந்து வெளியேற்றி நம் கண்முன்னே மடங்குகின்றது. மற்றப் பயிர்கள் மடங்காவிடினும் உணர்கின்றன. சாதாரணச் செடிகளும் தொடுதலுக்கும் அடிபடுதலுக்கும் மின்மாறுதலால் பதிலளிக்கின்றன என்று கல்கத்தாவில் ஸர் ஜகதீச சந்திர போஸ் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தம் கருவிகளால் காட்டியிருந்தார்.

முதற் செய்தி கிடைத்தபின் நிகழ்வதே விவசாயிக்கு முக்கியமானது. அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் 1990-ல் இருவர், கடுகு இனத்தைச் சேர்ந்த சிறு களைச் செடியொன்றின்மேல் வளர்ச்சி மருந்து தெளித்து, எந்த மரபுக் கூறுகள் விழிப்படைகின்றன என்று பார்த்தனர். வெறும் நீர் தெளித்த செடிகளிலும் அவையே விழிப்படைந்திருக்கக் கண்டு, மருந்தல்ல, தெளித்தபோது இலை அசைந்ததே காரணம் என்று உணர்ந்தனர். தொட்ட 10 முதல் 30 நிமிஷங்களுக்குள் அவற்றின் வேலை 100 மடங்கு வரை பெருகிற்று. இவ்வாறு விழித்த உயிரணுக்களில் எத்திலீன் என்னும் வாயுவும் வேறு சில வளர்ச்சிப் பொருள்களும் உண்டாகின்றன. நெடுக்கில் நீள்வது குறைகின்றது. குறுக்கில் தடிப்பது மிகுகின்றது. பட்டைக்கும் மரத்திற்கும் இடையே உள்ள வளர்படை கூடுதலாகப் பிரிந்து புதுமரத்தைச் சேர்க்கின்றது. உயிரணுச் சுவரில் நார்கள் எத்திசையில் இழுப்பு மிகுதியோ அத்திசைக்கு இணங்கப் படிகின்றன என்பதும் 2008 முதல் வெளியான ஆராய்ச்சிகளால் தெளிவாகியுள்ளது. கயிறு திரிப்பவர் பாரம் இழுக்கும் திசையை அறிந்து புரி போடுவதற்கு இதனை ஒப்பிடலாம். சாய்ந்துவிட்ட மரம் தன்னை நிமிர்த்திக்கொள்வதும் இவ்வகையிலேதான். இலையகன்ற மரங்களிற் பெரும்பாலானவை சாய்வின் மேற்புறத்தில் தனிவகை மரத்தை வளர்த்து, கயிறு கட்டி இழுப்பதுபோல் தண்டை இழுத்து நிமிர்த்துகின்றன.

ஆகவே இறுகக் கட்டிய கழி செய்வது யாது? செய்தி வரும் வழியை அது அடைத்துவிடுகின்றது. காற்றடித்தும் உயிரணு இழுபடவில்லை. இழுபடாததால் மதகு திறக்கவில்லை. அடிமரம் பருக்கவேண்டிய தேவை தெரிவிக்கப்படவே இல்லை. கன்று தன் உணவை உயரத்திலேயே செலவிடுகின்றது. மூன்று வருஷத்தில் பத்தடி உயர்ந்து, தலை கனத்து, அடி மெலிந்து நிற்கும் மரத்தின் கழி உளுத்துப்போகும் நாளில் ஆடிக்காற்று வந்தால் அது படுத்துவிடுகின்றது. அப்பொழுது காற்றையும் கன்றின் ஜாதியையும் குறை கூறுவோர் உண்டு. கழியைக் குறை கூறுவோர் இல்லை.

இவ்விதி எல்லாப் பயிருக்கும் ஒரே அளவாகப் பொருந்தாது. 1973-ல் ஜாஃபி என்னும் அமெரிக்க அறிஞர் பல செடிகளின் தண்டைத் தினந்தோறும் விரலால் தடவிப் பார்த்தார். ஆமணக்கு, வெள்ளரி, பார்லி, அவரை இனத்துச் செடி ஆகியவற்றின் நீட்சி குறைந்தது. பட்டாணியும் கோதுமையும் அதே பரீக்ஷையில் மாறுதல் காட்டவில்லை. வாழையின் விஷயம் இன்னும் வேறானது. வாழையின் தண்டு என நாம் காண்பது இலையுறைகள் ஒன்றையொன்று தழுவி நிற்பதே. அதில் வளர்படையும் இல்லை, வயிரமும் இல்லை. குலை தள்ளியபின் சில மாதங்களுக்குள் வந்து சேரும் பாரத்தைத் தாங்க அதற்குப் புதுமரம் சேர்க்க வழியில்லை. ஆகையால் குலை தள்ளிய வாழைக்குச் சவுக்குக் கழியோ மூங்கிலோ முட்டுக் கொடுப்பது முற்றிலும் சரியே. அதில் சிக்கனம் கூடாது. தென்னையும் பனையும் வளர்படை இல்லாதவையே. 2018-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரை கடந்த கஜா புயலில், தஞ்சை, திருவாரூர், புதுக்கோட்டை, நாகைப் பகுதிகளில் லக்ஷக்கணக்கான தென்னைகள் வீழ்ந்ததற்கு இங்குச் சொல்லும் காரணத்தைக் கற்பித்தல் தவறாகும். அத்தகைய புயலுக்கு எந்தப் பயிற்சியும் ஈடாகாது. மா, வேம்பு, புங்கம், இலுப்பை, புளி, தேக்கு முதலிய வளர்படையுள்ள மரங்களைப் பற்றியே இங்குப் பேச்சு.

இக்கருத்தை மறுப்போர் கூறுவன இரண்டு. முதலாவது, கழி இல்லாவிடில் ஆடுமாடுகள் கன்றைச் சாய்த்துவிடும் என்பது. ஆடுமாட்டிற்குப் பரிகாரம் வேலியேயன்றிக் கழியன்று. கன்றைச் சுற்றி இரண்டடி விலகி முள்வேலி இட்டால் கன்றும் பிழைக்கும், காற்றும் புகும். கன்றை நெருக்கிப் பிடிக்கும் குறுகிய கூண்டு, கழியைப்போலவே அசைவைத் தடுப்பதோடு பட்டையையும் உராய்ந்து காயப்படுத்தும். இரண்டாவது, ஒட்டுக் கட்டிய மாங்கன்றில் ஒட்டிடம் முறிந்துவிடும் என்பது. இது நியாயமான மறுப்பு. ஒட்டிடம் நன்கு கூடும்வரை அதற்குத் துணை வேண்டும். ஆனால் அது கூடியபின்னும் வருஷக்கணக்கில் கட்டி வைப்பதற்கு அந்த நியாயம் செல்லாது.

குற்றம் நடும் இடத்தில் மட்டுமன்று. கன்று வாங்கும் இடத்திலும் தொடங்குகின்றது. ஒரே விலைக்கு இரண்டடிக் கன்றும் நாலடிக் கன்றும் இருந்தால் நாலடிக் கன்றையே கேட்டு வாங்குகின்றனர். பைகளை இடைவெளியின்றி அடுக்கி, நிழல் வலையின்கீழ், காற்றுப் புகாமல் வளர்த்தால் எந்தக் கன்றும் நாலடி உயரும். அதனைப் பையோடு தூக்கினால் தலை தொங்கும். அக்கன்றுக்குக் கழி இன்றியமையாதது ஆகிவிடுகின்றது. உயரத்தைப் பார்க்காமல் அடித்தண்டின் பருமனைப் பார்த்து வாங்குவோர் பெருகினால், கன்று விற்போரும் பைகளைப் பரப்பி வைக்கவும், நடுவதற்குச் சில வாரங்களுக்கு முன் வெயிலிலும் காற்றிலும் நிறுத்திப் பழக்கவும் முன்வருவர். மேல்நாடுகளில் தக்காளி முதலிய காய்கறி நாற்றுகளின் நுனியைத் துணியாலோ மெல்லிய கோலாலோ தினந்தோறும் சிலமுறை மெதுவாகத் தடவி, அவை நெடுத்துப் போகாமல் உரமாக வளரச் செய்கின்றனர். ஜப்பானில் குளிர்காலத்தில் பார்லி, கோதுமை இளம் பயிரைக் காலால் மிதித்துச் செல்வது பழைய வழக்கம். பயிர் குட்டையாய்த் தூர் கட்டிச் சாயாமல் நிற்பதற்காகவே அவ்வாறு செய்தனர். நம்மவர் தக்காளி நாற்றைத் தடவிப் பார்க்க விரும்பினால் ஓர் எச்சரிக்கை: தேமல் நோய் உள்ள செடியையோ புகையிலையையோ தொட்ட கையினால் தடவினால் நோய் பாத்தி முழுவதும் பரவும். இலை ஈரமாயிருக்கும்போதும் தடவலாகாது.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்னும் பழமொழி மரத்துக்கும் பொருந்தும். ஆனால் வளைப்பதற்கும் அளவு உண்டு. பிரான்ஸ் தேசத்தில் பாப்லர் கன்றுகளை வளைத்துப் பார்த்து 2010-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், முதல் வளைப்புக்குக் கன்று பெரிதும் பதிலளித்தது. அடுத்தடுத்து வளைக்கப் பதில் குறைந்தது. பல நாள் ஓய்வுக்குப் பின்னரே பழைய உணர்ச்சி திரும்பிற்று. இடைவிடாமல் ஆட்டுவதால் அதிக இலாபம் இல்லை. இயற்கையாக வந்து போகும் காற்றே போதுமானது. கடுங்காற்று இலையைக் கிழிக்கும், பூவையும் பிஞ்சையும் உதிர்க்கும், மண்ணின் ஈரத்தை உறிஞ்சும். ஆகையால் காற்றுத் தடுப்பு வரிசைகள் வேண்டாமென்பது இதன் கருத்தன்று.

மண்ணுக்குள் வேர் படும் அழுத்தமோ முற்றிலும் வேறு வகையானது. இறுகிய மண் வேரைப் பலப்படுத்துவதில்லை, நிறுத்திவிடுகின்றது. வேர் நுனியிலிருந்து வெளிப்படும் எத்திலீன் வாயு, பொலபொலப்பான மண்ணில் துவாரங்களின் வழியே பரவிச் சென்றுவிடும். இறுகிய மண்ணில் அது வெளியேற இடமின்றி வேரைச் சுற்றியே தேங்கும். அத்தேக்கத்தை உணர்ந்த உயிரணுக்கள் நீள்வதை நிறுத்திப் பருக்கின்றன. 2021-ல் வெளியான ஆராய்ச்சியில், எத்திலீனை உணராத நெல்வகையின் வேர்கள் இறுகிய மண்ணையும் ஊடுருவிச் சென்றன. வேர் நின்றது மண்ணைத் துளைக்க இயலாமையால் மட்டுமன்று, நிற்கும்படி செய்தி வந்ததாலும் என்பது இதனால் விளங்குகின்றது. களிமண் நிலத்தில், ஈரத்தோடு வெட்டிய குழியின் சுவர் மண்வெட்டியால் மெழுகினாற்போல் ஆகிவிடும். அக்குழியில் நட்ட கன்றின் வேர் குழிக்குள்ளேயே சுற்றும். அடிமரம் எவ்வளவு பருத்தாலும் பற்றிக்கொள்ள வேர் இல்லையேல் மரம் வேரோடு சாயும். ஆகவே கழியை நீக்குவோர் குழியையும் கவனித்தல் வேண்டும்.

நடைமுறையில் செய்யத்தக்கவை பின்வருமாறு. குழியை அகலமாக, மண் புழுதியாயிருக்கும் காலத்திலேயே வெட்டி, சுவரைக் கடப்பாரையால் குத்தித் தளர்த்திவிட வேண்டும். அடி பருத்த, உயரம் குறைந்த கன்றைத் தேர்ந்தெடுத்துக் கழியின்றி நட வேண்டும். அடிக்கிளைகளை முதல் இரண்டு வருஷம் அவசரப்பட்டுக் கழிக்கலாகாது. அவை அடிமரத்தைப் பருக்கச் செய்யும். ஒட்டுக் கன்றாகவோ நெடுத்த கன்றாகவோ இருந்தால், கன்றின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேற்படாத கழியைக் காற்று வரும் பக்கத்தில் ஊன்றி, வாழைநார் அல்லது பழந்துணி கொண்டு எட்டு வடிவில் தளர்வாக ஒரே கட்டுக் கட்ட வேண்டும். ஒட்டுக் கன்றில் ஒட்டிடம் அதைவிட உயரத்தில் இருந்தால், கட்டு அதற்குச் சற்று மேல் இருக்கட்டும். ஒரு வருஷத்திற்கு மேல் கழி நிற்கலாகாது. தை, மாசி மாதங்களில் கட்டைத் தளர்த்திப் பங்குனியில் கழியைப் பிடுங்கினால், ஆடிக்காற்று வருமுன் மெல்லிய காற்றில் பழகக் கன்றுக்குச் சில மாதங்கள் கிடைக்கும். ஏற்கெனவே பல வருஷம் கட்டிவைத்த மரங்களை ஒரே நாளில் அவிழ்த்துவிடலாகாது. கட்டை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக அகற்றி, தலைக்கனத்தைச் சிறிது கவாத்துச் செய்து, ஒரு பருவம் முழுதும் படிப்படியாக விடுவித்தல் வேண்டும்.

இதில் கிராம அதிகாரிகளுக்கும் ஊராட்சியினருக்கும் ஒரு பங்கு உண்டு. பொதுவிடங்களில் நட்ட கன்றுகளுக்கு எத்தனை கன்று, எத்தனை கழி, எத்தனை கூண்டு என்று கணக்கு எழுதப்படுகின்றது. கழி எப்பொழுது பிடுங்கப்பட்டது என்பதற்கு அப்புத்தகத்தில் கட்டம் இருப்பது அரிது. பார்வையிட வருவோரும் கழியோடு நேராக நிற்கும் கன்றைப் பாராட்டி, கழியின்றிச் சற்றுச் சாய்ந்தாடும் கன்றைக் கண்டால் குறை எழுதிச் செல்கின்றனர். ஆகவே வேலையாட்கள் கழியைத் தொட அஞ்சுகின்றனர். இனி அப்புத்தகத்தில் கன்று நட்ட தேதிக்கு எதிரே கழி நீக்கிய தேதியையும், நீக்கிய நாளில் அடிமரம் எத்தனை அங்குலச் சுற்றளவு என்பதையும் குறித்து வைப்பார்களாயின், மூன்றாம் வருஷத்தில் எந்த முறையில் எத்தனை மரம் நிலைத்தது என்பது அவரவர் ஊர்க் கணக்கிலிருந்தே தெரிந்துவிடும். சொந்தத் தோப்பு உடைய விவசாயிகள் இவ்வருஷம் நடும் கன்றுகளில் பாதியைக் கழியோடும் பாதியைக் கழியின்றியும் ஒரே வரிசையில் நட்டு, வருஷத்திற்கொருமுறை தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நூலால் சுற்றி அளந்து பார்க்கலாம். செலவில்லாத இப்பரீக்ஷையை வரும் பருவத்திலேயே தொடங்குவது நன்று.